ஃபார்மேட் போடுவது ரிப்பேர் அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

ஹார்ட் டிஸ்க் மாற்றிய கம்ப்யூட்டர் கருப்புத் திரையோடு நின்றுவிட்டால், கடையில் இரண்டு பதில்தான் வருகிறது. ஒன்று, "ஃபார்மேட் போட்டுடலாம் சார்." இன்னொன்று, "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க." நீங்களும் தலையாட்டிவிட்டு வருகிறீர்கள். இத்தனைக்கும் உங்களில் பலர் இன்ஜினியர்கள்!

நேற்றுவரை ஓடிய மெஷின், டிஸ்கை மாற்றியதும் நின்றால், முதலில் பார்க்க வேண்டியது பூட்லோடரை. சுவிட்ச் போட்டதும் விண்டோஸையோ லினக்ஸையோ தேடி எழுப்பிவிடும் சின்ன புரோகிராம் அது. பழைய பயாஸ் மெஷின்களில் அதன் முதல் துண்டு டிஸ்கின் முதல் 512 பைட்டுக்குள், அதிலும் 446 பைட்டில் அடங்கிவிடும். அது ஃபைல் அல்ல. ஆகவே எல்லா ஃபைல்களையும் காப்பி செய்தாலும் அது கூட வராது. புதிய யூஇஎஃப்ஐ மெஷின்களில் அதற்கென்று தனியாக ஒரு சிறிய பார்ட்டிஷன் உண்டு. அந்தப் பார்ட்டிஷனின் அடையாள எண் மதர்போர்டின் நினைவில் குறித்து வைக்கப்பட்டிருக்கும். புது டிஸ்கில் புதிதாகப் பார்ட்டிஷன் போட்டால் எண்ணும் புதிது. மெஷினோ பழைய எண்ணையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும்.

வகுப்பில் வருகைப் பதிவேடு எடுத்தது நினைவிருக்கிறதா? பையனுக்கு வரிசை எண் மாறிவிட்டது. ஆசிரியர் பழைய எண்ணைக் கூப்பிட்டால் யார் "உள்ளேன் ஐயா" சொல்வார்கள்? பதில் வரவில்லை என்பதற்காகப் பையனை டிசி கொடுத்து அனுப்புவோமா? பதிவேட்டைத் திருத்துவோம். அவ்வளவுதான் வேலை.

திருத்தும் வழியும் ரகசியம் அல்ல. லினக்ஸ் என்றால், லைவ் பென்டிரைவில் மெஷினை எழுப்பி, புது டிஸ்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைந்து, க்ரப்-இன்ஸ்டால், அப்டேட்-க்ரப் என்ற இரண்டு கட்டளைகள். அதற்குமுன் எஃப்எஸ்டேப் ஃபைலில் உள்ள பழைய எண்களை மாற்ற வேண்டும். இதை மறந்தால் பாதி வழியில் நிற்கும். விண்டோஸ் என்றால், அதன் இன்ஸ்டலேஷன் பென்டிரைவில் ரிப்பேர் பகுதிக்குப் போய் பிசிடிபூட் என்ற கட்டளை. ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவோடு நின்றுவிட்ட எனக்கே இது புரிகிறது என்றால், கடைக்காரருக்குப் புரியாதா?

"ஃபார்மேட் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும், இதற்கெல்லாம் யாருக்கு நேரம்?" என்பார்கள். அந்த ஒரு மணி நேரம் கடைக்காரருக்கு மிச்சம். உங்களுக்கு? எங்கள் உறவில் ஒரு பெண் எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு மாற்றிவிட்டு, லேப்டாப் எழவில்லை என்று ஒரு கடைக்குக் கொண்டுபோனாள். பழைய டிஸ்கை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டார்கள். புது டிஸ்கை ஃபார்மேட் போட்டார்கள். அவள் அப்பாவின் கடைசி வருடப் படங்கள் அதில்தான் இருந்தன. லேப்டாப் இப்போது நன்றாக ஓடுகிறது. படங்கள் இல்லை. அதற்குப் பெயர் ரிப்பேரா?

"எல்லாம் கூகுளில் இருக்கிறதே" என்கிறார்கள் சிலர். உங்களுக்கு இருக்கலாம். கிராமத்தில் இருக்கும் உங்கள் சித்தப்பாவுக்கு?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் உங்களில் பலர் லேப்டாப் வாங்கினீர்கள். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்த மெஷின்கள் அவற்றில் உண்டு. இன்று அவை பரணில் கிடக்கின்றன. "ரொம்ப ஸ்லோ சார்" என்கிறீர்கள். அந்தத் தாமதத்தில் பெரும்பங்கு சுழலும் பழைய ஹார்ட் டிஸ்கால் வருவது. ஒரு எஸ்எஸ்டி போட்டு, பூட்லோடரைச் சரிசெய்து கொடுத்தால், லைட்டான ஒரு லினக்ஸோடு ஒரு குழந்தை படிக்க அது போதும். மக்கள் வரிப்பணத்தில் வந்த பொருளைப் பழைய இரும்புக்குப் போடுவது எனக்குச் சம்மதமில்லை.

உண்மையிலேயே போர்டு போவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பென்டிரைவில் எழும் மெஷினுக்குப் போர்டு போய்விட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள்.

ஆகவே இனிமேல் கடையில் மூன்று விஷயம் கேளுங்கள். பயாஸில் புது டிஸ்க் தெரிகிறதா? பென்டிரைவில் மெஷின் எழுகிறதா? பூட்லோடரை மறுபடி எழுதிப் பார்த்தீர்களா? மூன்றுக்கும் பதில் வராமல் ஃபார்மேட்டுக்குச் சம்மதிக்காதீர்கள். புது டிஸ்கில் மெஷின் எழுந்து, உங்கள் ஃபைல்களை நீங்களே திறந்து பார்க்கும்வரை பழைய டிஸ்க் உங்கள் கையிலேயே இருக்கட்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் ரெகவரி எண்ணை முதலிலேயே எழுதி வையுங்கள்.

ஐடி கம்பெனிகளில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அடுத்தமுறை ஊருக்கு வரும்போது ஒரு லைவ் பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டு வாருங்கள். தெருவில் இரண்டு பேருடைய லேப்டாப்பையாவது எழுப்பிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்