போகித் தீயில் போடக் கூடாத சாமான்கள்

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எட்டு மாதக் கைக்குழந்தைக்காரி. மார்கழி பிறந்து பத்தாம் நாள் மாமனார் தவறிவிட்டாராம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த நாலாம் நாள் போகி. "பெரியவர் சாமானையெல்லாம் போகியில போட்டுடுங்க, கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா மனசு ஆறாது" என்று உறவுக்காரர்கள் ஒரு பக்கம். அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக்கூட நகர்த்த விடாத வீட்டுக்காரர் ஒரு பக்கம். மாமியாரோ வாயே திறக்கவில்லை. "போகியும் போயிடுச்சு, பொங்கலும் போயிடுச்சு. எல்லாம் அப்படியே கிடக்கு. நான் என்னதான் செய்யட்டும் அக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

எரிக்காமல் விட்டீர்களே, அதுவே பெரிய காரியம் தங்கச்சி! போகி என்றால் பழைய பாயும் பிய்ந்த துடைப்பமும்தான். ஒரு மனுஷர் எழுபது வருஷம் புழங்கிய சாமான் அந்தக் கணக்கில் வராது. ரெக்ஸின் பையும் நைலான் சட்டையும் பிளாஸ்டிக்கும் எரிகிற புகை கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஆகவே ஆகாது. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வயசானவர்கள் காகிதங்களை எங்கே வைப்பார்கள் என்று நமக்குத் தெரியாது. பஞ்சாங்கத்துக்குள் வைப்பார்கள், தலையணை உறைக்குள் வைப்பார்கள், பழைய டைரியில் வைத்து ரப்பர் பாண்டு போடுவார்கள்.

எங்கள் வீட்டு விஷயத்தைச் சொல்கிறேன். 2022-ம் வருஷம் தீபாவளி அக்டோபர் 24-ந் தேதி வந்தது. அதற்கு நாலு நாள் முன்னால் என் மாமியார் போய்விட்டார்கள். முறுக்குக்கு மாவு அரைத்துத் தகர டின்னில் வைத்திருந்தது, வைத்தபடி இருந்தது. தெருவெல்லாம் வெடிச் சத்தம், எங்கள் வாசலில் மட்டும் கோலம் இல்லை. காரியத்துக்கு வந்த கூட்டத்தில் ஒரு பெரியம்மா, "பொம்பளைங்க எல்லாரும் இருக்கோம், இன்னிக்கே பீரோவைத் திறந்து பிரிச்சிடலாம்" என்றார். என் நாத்தனார் சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டு, "எங்கம்மா பீரோவை நாங்க தை மாசம் திறந்துக்கறோம் பெரியம்மா" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு எல்லாருக்கும் முகம் சுருங்கியது வாஸ்தவம். ஆனால் அவள் செய்ததுதான் சரி. அழுது வீங்கின கண்ணோடு பீரோவைத் திறந்தால், வேண்டியது குப்பைக்குப் போகும், வேண்டாதது டிரங்குப் பெட்டியில் ஏறும். பிறகு "அந்தப் பச்சைப் பட்டு எங்கே போச்சு?" என்று ஆயுசுக்கும் ஒரு பேச்சு.

ஆனால் எல்லாவற்றையும் தள்ளிப் போட முடியாது. தவழுகிற குழந்தை இருக்கிற உங்கள் வீட்டில் இன்றைக்கே எடுக்க வேண்டியது மருந்துப் பெட்டி. சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாம் குழந்தை கைக்கு எட்டினால் ஆபத்து. "நல்ல மாத்திரைதானே, எனக்கும் பிரஷர்தானே" என்று வீட்டில் இன்னொருவர் எடுத்துப் போட்டுக்கொள்வதும் வேண்டாம். பிரிக்காத அட்டையைப் பில் இருந்தால் சில கடைகளில் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சத்தை அட்டையிலிருந்து பிரித்து, காப்பித் தூள் சக்கையோடு கலந்து, கவரில் இறுக முடிந்து குப்பையில் சேருங்கள். இன்சுலின் ஊசிகளைச் சும்மா போட்டால் குப்பை எடுக்க வருகிறவர் கையில் குத்தும். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மேலே எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது காகிதம். இறப்பை 21 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். காரியத்தோடு காரியமாக அதை முடித்திருப்பீர்கள். சான்றிதழில் பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் பாங்க்கில் அலைச்சல்தான். பென்ஷன் வாங்கினவர் என்றால் மாமியாருக்குக் குடும்ப பென்ஷன் உண்டா என்று உடனே விசாரியுங்கள். அவருடைய ஏ.டி.எம். கார்டில் அவசரத்துக்கென்று பணம் எடுக்காதீர்கள். குடும்பத்துக்குள்ளேயே வழக்குக்கு வழி அது. கைபேசியை மூலையில் போட்டு சிம்மை அணைய விடவும் வேண்டாம். பாங்க், காஸ், இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் அந்த நம்பர்தான் கொடுத்திருப்பார். வேலையெல்லாம் முடிகிறவரை சின்னதாக ரீசார்ஜ் செய்து வையுங்கள். அதில் அவர் குரல் பதிவு இருந்தால் இன்னொரு போனிலும் ஏற்றி வைத்துவிடுங்கள். இப்போது கேட்க முடியாது, அழுகைதான் வரும். பின்னால் பேரப் பிள்ளைக்கு வேண்டியிருக்கும்.

நகை நட்டு இருந்தால் ஒரு வார்த்தை. இது மாமியார் போன வீட்டுக்காரர்களுக்குச் சொல்வது. உயில் எழுதாமல் போன இந்துப் பெண்ணின் நகையும் பணமும் 1956-ம் வருஷத்து வாரிசுச் சட்டப்படி முதலில் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் கணவருக்கும் சமமாகப் போகும். கட்டிக் கொடுத்துவிட்டோம் என்று பெண்ணை ஒதுக்க முடியாது. மருமகள், எத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவளாக இருந்தாலும், சட்டத்தில் அவளுக்குப் பங்கில்லை. எனக்கும் கசக்கத்தான் செய்தது. பாங்க்கில் நாமினி என்று யார் பெயர் இருந்தாலும், அவர் பணத்தை வாங்கி வாரிசுகளுக்குச் சேர்க்கிறவரே தவிர, அதனாலேயே சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார்.

இனி துணிமணிக்கு வருவோம். இதற்கு அவசரமே இல்லை. ஆனால் யாரைக் கேட்பது என்பதில்தான் எல்லா வீட்டிலும் தடுமாறுகிறார்கள். மகன் ஒன்று சொல்கிறார், உறவு ஒன்று சொல்கிறது. நாற்பது வருஷம் அந்த வேட்டியைத் துவைத்து நீலம் போட்டு மடித்தவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூட்டம் இல்லாத ஒரு மத்தியானம், காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "அத்தை, மாமா துணியெல்லாம் என்ன செய்யலாம்னு நீங்கதான் சொல்லணும். இப்ப வேண்டாம்னாலும் சரி" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் பீரோவை மூடிவிடுங்கள். சரி என்றால் அவரையே பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு எடுங்கள். ஒரே நாளில் முழுவதும் வேண்டாம், ஒரு தட்டு போதும்.

நானும் நாத்தனாரும் தை மாதம் திறந்தபோது, முதல் தட்டைத் தாண்ட ஒரு மத்தியானம் ஆயிற்று. ஒவ்வொரு புடவைக்கும் ஒரு கதை. "இது நீ பொறந்தப்ப எடுத்தது", "இது அப்பா ரிடையர் ஆனப்ப கோ-ஆப்டெக்ஸ்ல." நடுவில் சிரிப்புகூட வந்தது. பட்டுப் புடவைகளை ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்தோம். பாச்சா உருண்டை ஜரிகையில் நேராகப் படக் கூடாது, கறுத்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்ற வேண்டும். தினப்படிப் புடவைகளைத் துவைத்து, அறுந்த கொக்கியைத் தைத்து, வேறு பேட்டையில் கொடுத்தோம். பக்கத்துத் தெருவில் கொடுத்தால், என்றைக்காவது காய்கறிக் கடையில் அந்தப் புடவையைப் பின்னாலிருந்து பார்த்து நெஞ்சு திடுக்கென்று ஆகிவிடும். கொடுக்கும் முன்னால் சட்டைப் பை, சுருக்குப் பை எல்லாம் துழாவிப் பாருங்கள். மாமியாரின் சுருக்குப் பையில் எங்களுக்கு ஒரு அடகு ரசீது கிடைத்தது!

தீபாவளிக்கென்று எடுத்து, மஞ்சள்கூட வைக்காத புதுப் புடவை ஒன்று அட்டைப் பெட்டியோடு இருந்தது. அதை மட்டும் இருவருமே தொடவில்லை. மறு வருஷம் அவர்களுக்குப் பல வருஷம் எண்ணெய் தேய்த்துவிட்ட வேலைக்கார அம்மாளை வரச் சொல்லி, நாத்தனார் கையால் கொடுத்தோம்.

உங்கள் மாமனாரின் பழைய நாலு முழ வேட்டிகளைக் குழந்தைக்குக் கிழித்துப் போடலாமா என்று ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். போனவர் துணி குழந்தைக்கு ஆகாது என்று சில வீட்டில் சொல்வார்கள், தாத்தா மடி மாதிரி என்று சில வீட்டில் சந்தோஷமாகத் தூளி கட்டுவார்கள். மாமியார் மனசு எப்படியோ அப்படி. செய்வதானால் கொதிக்கும் தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் காய வையுங்கள். துவைத்துத் துவைத்து மெல்லிசாகிப்போன வேட்டியைவிட இதமான துணி எந்தக் கடையிலும் கிடையாது.

உங்கள் வீட்டுக்காரரை அவசரப்படுத்தாதீர்கள். ஆண்கள் பலருக்கு அழத் தெரியாது, சாமானைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். மூக்குக்கண்ணாடி ஜன்னல் ஓரத்தில் இருப்பதால் யாருக்கு என்ன குறைச்சல்? தூசி தட்டி அங்கேயே வையுங்கள். ஆனால் வாரக்கணக்கில் மாமியார் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, "நானும் போயிடறேன்" என்று சொல்கிறார் என்றால், துக்கம்தானே என்று விட்டுவிடக் கூடாது. டாக்டரிடம் காட்டுங்கள். 14416 என்ற அரசாங்க நம்பருக்குப் போன் செய்தால் தமிழிலேயே மனநல ஆலோசனை சொல்கிறார்கள், காசு கிடையாது.

வாக்கரும் கட்டிலுக்கடியில் வைக்கும் பெட்பேனும் மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். சுத்தமாகக் கழுவி, முதியோர் இல்லத்திலோ, தெருவில் படுக்கையாகக் கிடக்கிற யாருக்காவதோ கொடுங்கள். வாக்கரின் காலில் ரப்பர் தேய்ந்திருந்தால் புது ரப்பர் மாட்டிக் கொடுங்கள், வழுக்கிவிடும்.