குஞ்சுக் கொட்டகைக்குப் பழைய ஏசி: கழற்றும் முன் கணக்குப் போடுங்கள்

மார்கழிப் பனியில் கோழிக்குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கிக் கிடந்தால் புரூடரில் சூடு போதவில்லை என்று பொருள். அடியில் சிக்கியவை மூச்சுத் திணறிச் சாகும். சூட்டுக்காகக் குண்டு பல்புகளைக் கூட்டினால் மின்கட்டணம் ஏறும். பழைய ஜன்னல் ஏசியைத் திருப்பி மாட்டி, அது வெளியே தள்ளும் சூட்டைக் கொட்டகைக்குள் விட்டால் என்ன?

யோசனை சரியானதே. பல்பு மின்சாரத்தைச் சூடாக மாற்றுகிறது; ஏசியோ வெளிக்காற்றில் ஏற்கெனவே உள்ள சூட்டை இழுத்து உள்ளே தள்ளுகிறது. அதனால் 1 யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய 3 யூனிட் சூடு கிடைக்கும். குளிர் நாடுகளில் வீடுகளையே இப்படிச் சூடாக்குகிறார்கள். வெளியே குளிர் கூடக்கூட இதன் பலன் குறையும். நம் பகுதியில் மார்கழி விடியலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருப்பதால் பலன் நன்றாக இருக்கும்.

ஆனால் பூசலார் மனத்திலேயே கோயில் கட்டிய ஊர் திருநின்றவூர். நாமும் ஸ்பேனரை எடுக்கும் முன் காகிதத்தில் கட்டிப் பார்ப்போம். குஞ்சுக்கு 2 வாட் என்றால் 250 குஞ்சுகளுக்கு 500 வாட். இரவு 12 மணி நேரத்துக்கு 6 யூனிட். 14 இரவுகளுக்கு 84 யூனிட். ஏசி முழுப் பலன் தந்தாலும் மிச்சம் 56 யூனிட்தான். அதுவும் முழுதாகக் கிடைக்காது. பல்பு தகட்டு வளையத்துக்குள் மட்டும் சூடு தருகிறது. ஏசி கொட்டகைக் காற்று முழுவதையும் சூடாக்க வேண்டும். ஒருமுறை பழுது பார்த்தால் மிச்சம் கரைந்துவிடும்.

ஆபத்தும் உண்டு. எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா செப்புக் குழாயை அரிக்கும், உமித்தூசி அடைத்துக்கொள்ளும். ஸ்பிளிட் ஏசியின் குழாயை நீங்களே அறுக்காதீர்கள். பழையவற்றில் உள்ள ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கும். புதியவற்றில் உள்ள ஆர்-32 தீப்பற்றக்கூடியது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

எனவே சில நூறு குஞ்சுகள் வளர்ப்பவர்களுக்கு இந்த வேலை வேண்டாம். உலர்ந்த ஆழ்கூளம், காற்று வரும் பக்கம் படுதா, பல்பின் உயரத்தைக் குறைத்தல் ஆகியவையே போதும். படுதாவின் மேற்பகுதியில் மட்டும் காற்றுக்கு இடைவெளி விடுங்கள்.

ஆயிரக்கணக்கில் வளர்ப்பவர்கள் தனி அறை அமைத்து, கடையில் கிடைக்கும் 'ஹாட் அண்ட் கோல்டு' ஏசியைப் பிரிக்காமல் பொருத்தலாம். அது பொதுவாக 30 டிகிரி வரைதான் தரும். முதல் வாரக் குஞ்சுக்கு 35 டிகிரி தேவை. மீதியைப் பல்பு பார்த்துக்கொள்ளும்.

இதை விவசாயி தன் காசைப் போட்டுச் சோதிக்க வேண்டியதில்லை. திரூர் வேளாண் அறிவியல் நிலையம் போன்றவை ஒரு குளிர்காலம் பல்பையும் ஏசியையும் பக்கத்துப் பக்கத்து அறைகளில் ஓட்டி, மீட்டர் கணக்கையும் இறந்த குஞ்சுகளின் எண்ணிக்கையையும் பலகையில் எழுதி வைக்கட்டும். அதைப் பார்த்து நாம் முடிவெடுப்போம்.