அட்டையும் கட்டளையும்

சின்ன காஞ்சிபுரத்தில் என் தந்தையார் பட்டு நெய்கிறார். பாவின் இழைகளை அவர் ஒவ்வொன்றாகத் தூக்குவதில்லை. ஜக்கார்டு பெட்டியின் துளை அட்டைகள் பார்த்துக்கொள்கின்றன. 1970-இல் காட் என்னும் அறிஞர் வகுத்த அட்டவணைமுறைத் தரவுத்தளத்தைக் கையாள்வதிலும் அத்தகைய வசதி உண்டு. நீண்ட எஸ்.க்யூ.எல். கட்டளையைத் துணைச் செயற்கூறு ஒன்றில் அடக்கிவிட்டால், 'மாணவர்.தேடு' என்று எழுதினாலே போதும்.

ஆனால், ஆயிரம் மாணவர் பட்டியலுக்கு அதை மடக்குக்குள் வைத்தால், ஒரே கட்டளையில் முடிய வேண்டியது ஆயிரம் கட்டளையாகிவிடும். ஆய்வகத்தில் நானே அப்படி எழுதி விழித்தேன். அட்டை மாறினால் எந்த இழை தவறியது என்று தந்தையார் உடனே சொல்லிவிடுவார். பெட்டிக்குள் நடப்பதை அவர் அறிவார். பள்ளிப் படிப்பைத் தாண்டாத அவருக்கு உள்ள அத்தெளிவு, எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் எனக்கு வேண்டாமா?

நண்பர்களே, துணைச் செயற்கூறுகளை எழுதுவோம்; அதற்குமுன் எஸ்.க்யூ.எல். கற்போம்!