தேரச்சும் கார்புரேட்டரும்

திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேரச்சு இற்ற ஊர் அச்சிறுபாக்கம் என்பது தலபுராணம். மக்கள் நாவில் அச்சரப்பாக்கம். சென்ற கோடையில் எமது அம்பாசிடரும் அங்கேதான் நின்றது (அச்சு தப்பியது!).

மெக்கானிக் வந்ததும் கார்புரேட்டரைக் கழற்ற முனைந்தார்; நண்பரோ எத்தனால் கலந்த பெட்ரோலைச் சபித்தார். எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், மெய்யே. எனினும் சோதிக்காமல் பழிசுமத்துவதை நாம் ஏற்பதற்கில்லை. எஞ்சினை ஒட்டிய பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிக் கால்மணி நேரத்தில் வண்டி கிளம்பினால் குற்றம் வெயிலுடையது. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகியிருக்கிறது. கிளம்பாவிடில் கார்புரேட்டருக்குச் செல்லும் குழாயைப் பாட்டிலில் விட்டு எஞ்சினைச் சுழற்றுக. பெட்ரோல் பாயாவிடில் பம்பு, வடிகட்டி, டாங்க் எனப் பின்னோக்கித் தேடவேண்டும். 2014இல் உற்பத்தி நின்ற வண்டியின் உதிரிகளை வீணே கழற்றலாமா?

எமது வண்டி ஈரத்துணிக்கே இணங்கிற்று.