உங்க வீடு வர்ற வழியில நாங்க இருக்கோம்

இந்த வாரம் மஞ்சள் பத்தி எழுதறதா இருந்தேன். அதைத் தள்ளி வெச்சிட்டு, மனசுல கெடக்கறதை முதல்ல கொட்டிடறேன்.

பாப்பிரெட்டிப்பட்டி சுத்து வட்டாரத்துல நிலம் வாங்கற பட்டணத்துக்காரங்க இப்பல்லாம் வீடு கட்டறதில்ல, கொண்டாந்து வெக்கறாங்க. இரும்புப் பெட்டியில கட்டில், சமையல் மேடை, கக்கூஸ் எல்லாம் பொருத்தி லாரியில வருது. கேட்டா, "அஸ்திவாரம் தோண்டல, செங்கல் சுடல, மண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்ல சார்"னு பெருமையாச் சொல்றாங்க. இருக்கட்டும். ஆனா அந்த வீடு தார்ரோட்டுல இருந்து உங்க நிலத்துக்குப் பறந்தா வருது?

போன ஐப்பசியில எங்க காட்டுக்கு அடுத்த காட்டுக்கு ஒரு வீடு வந்துச்சு. மஞ்சவாடி கணவாய் வளைவெல்லாம் தாண்டி பத்திரமா வந்த வண்டி, எங்க வண்டித்தடத்துல மாட்டிக்கிச்சு. இந்தத் தடம் பஞ்சாயத்து போட்டதில்லைங்க. எங்க அப்பா காலத்துல ரெண்டு பக்கத்துக்காரங்களும் ஆளுக்கு நாலஞ்சு அடி பட்டா நிலத்தை விட்டுக் கொடுத்து உண்டானது. மாட்டு வண்டிக்கு விட்டது, இப்ப மரவள்ளி ஏத்துற டிராக்டர் போகுது. அகலம் அவ்வளவுதான்.

முதல்ல புளிய மரத்துக் கிளையை வெட்டினாங்க. யார் மரம்னு ஒருத்தரும் கேக்கல. அப்புறம் கிரேன். கிரேனோட சொந்த எடையே பத்து டன் கிட்ட இருக்கும், அதுக்கு மேல தொங்கற வீடு வேற. வாய்க்கால் மேல நாங்க போட்ட குழாய்ப் பாலம் ரெண்டாப் போச்சு.

மரத்தையும் பாலத்தையும் கூட விட்டுடலாம். மூணாவதா நடந்ததுதான் என்னைத் தூங்க விடல. மேல கரண்ட் கம்பி குறுக்க போகுது. எங்க பங்காளி மகன், 19 வயசு, வேடிக்கை பாக்க வந்தவன். அவனைக் கூப்பிட்டு, "தம்பி, மேல ஏறி மூங்கில்ல கம்பியைக் கொஞ்சம் தூக்கி விடு"ங்கறாங்க. முந்தின ராத்திரி மழை. மூங்கில் ஈரம், தகரக் கூரை ஈரம். பையன் ஏறிட்டான். நான் கத்தின கத்துல இறங்கிட்டான். இல்லன்னா இந்தப் பதிவை வேற மாதிரி எழுதியிருப்பேன்.

கணக்குப் போட்டுப் பாருங்க. இருபது அடி கண்டெய்னரோட உயரம் எட்டரை அடி. லாரித் தளம் தரையில இருந்து நாலஞ்சு அடி. கூட்டினா பதிமூணு. மேல சோலார் தகடு நிறுத்த ஸ்டாண்டு வெச்சா பதினஞ்சு. ரோட்டுக்குக் குறுக்க போற சாதாரணக் கம்பி 5.8 மீட்டர், அதாவது பத்தொம்பது அடி உயரத்துல இருக்கணும்ங்கறது பழைய மின்சார விதி. ரோடு இல்லாத இடத்துல 4.6 மீட்டர் போதும். அது பதினஞ்சு அடி! அதுவும் கம்பம் சாயாம, கம்பி தொய்யாம இருந்தா. எந்த ஊர்க் காட்டுல அப்படி இருக்கு?

உயரமானதை நகர்த்தறது எங்களுக்குப் புதுசில்ல. தேர் ஓட்டற ஊர்க்காரங்க நாங்க. முட்டுக்கட்டை போடறவனுக்குத் தனி மரியாதை, தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் கரண்ட் நிறுத்தம். அதுல அசந்ததுக்குத்தான் 2022 ஏப்ரல்ல தஞ்சாவூர் களிமேட்டுல தேர் உச்சி உயர் அழுத்தக் கம்பியில பட்டு 11 பேர் செத்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு நம்ம தர்மபுரி மாவட்டத்துலயே மாதேஹள்ளியில தேர் சாய்ஞ்சு ரெண்டு பேர். சாமிக்கே இந்தக் கதி. உங்க வீக்எண்டு வீட்டுக்கு மட்டும் கம்பி ஒதுங்கிப் போயிடுமா?

"ஊருக்குள்ள யாரும் வரக் கூடாதுங்கறீங்களா?"ன்னு கமெண்ட் போட ஒருத்தர் கிளம்புவார். வாங்க, நல்லா வாங்க. வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் டேப்பு எடுத்துக்கிட்டு, தார்ரோட்டுல இருந்து உங்க காடு வரைக்கும் நடங்க. எங்க வளைவு, எங்க கம்பி, எந்தப் பாலம் யாரு போட்டதுன்னு கேட்டு எழுதுங்க. மின்வாரிய ஆபீஸ்ல எழுதிக் கொடுத்து ஒரு மணி நேரம் லைனை நிறுத்துங்க. மழைக்காலத்துல வேண்டாம், அறுப்பு முடிஞ்சு மண்ணு இறுகட்டும். வீடு விக்கற கம்பெனிக்காரன் இதெல்லாம் சொல்ல மாட்டான், அவன் வேலை கொக்கியைக் கழட்டறதோட முடிஞ்சுது.

இன்னொண்ணு. வீட்டுக்குத் தகுந்த மாதிரி வழியை வெட்டறதை விட்டுட்டு, வழிக்குத் தகுந்த மாதிரி வீட்டைச் செய்யலாமே? நாமக்கல் மாவட்டம் பரமத்திவேலூர்க்காரர் அருண் பிரபு, பயணிகள் ஆட்டோ மேல 36 சதுர அடியில ஒரு வீடே செஞ்சு காட்டினார். செலவு ஒரு லட்சம்னு அப்ப பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. முட்டுக்காடு தட்சிணசித்ராவுல நீங்க போட்டோ எடுத்துக்கற பழைய வீடுங்களும் முழுசாத் தூக்கிட்டு வந்ததில்லைங்க. இருந்த ஊர்ல பிரிச்சு, தூணு தூணாக் கொண்டாந்து திரும்ப எழுப்பினது. பிரிச்சுக் கொண்டாந்திருந்தா எங்க டிராக்டரே நாலு நடையில இறக்கியிருக்கும், பாலமும் பொழைச்சிருக்கும்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லைங்க. போன்ல பேசினேன், "அய்யய்யோ, எனக்குத் தெரியவே தெரியாதுண்ணா"ன்னார். வர்ற ஞாயித்துக்கிழமை வர்றாராம். குழாயும் சிமெண்டும் என்ன விலைன்னு விசாரிச்சு வெச்சிருக்கேன். அதுவரைக்கும் என் மரவள்ளி அந்தப் பக்கமும் லாரி இந்தப் பக்கமுமா நிக்குது.