இருக்கைக்கு உரியவர் யார்?

ஏரி நிறைந்திருப்பினும், வாய்க்கால் தூர்ந்த வயல் வாடியே நிற்கும். சட்டமன்றம் ஏரி போன்றது. தொகுதி வயல் போன்றது. இவ்விரண்டையும் இணைக்கும் வாய்க்காலே மன்ற உறுப்பினர். அவர் இல்லையேல், அத்தொகுதி மக்களின் குறை மன்றம் ஏறாது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்திற்குரிய தொகுதிகள் 234. தொகுதிக்கு ஒருவராக உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பெறுகின்றனர். 18 வயது நிரம்பிய குடிமக்கள் மறைவாக வாக்களிக்கின்றனர். செல்வர்க்கும் ஒரு வாக்கே. வறியவர்க்கும் ஒரு வாக்கே. போட்டியிட்டோருள் மிகுதியான வாக்குகளைப் பெற்றவர் உறுப்பினர் ஆகிறார். மன்றத்தின் முழுக்காலம் 5 ஆண்டுகள்.

உறுப்பினர் இடையில் இறத்தலும் உண்டு. பதவி விலகுதலும், தகுதி இழத்தலும் உண்டு. மன்றத்தின் இசைவின்றி 60 நாள் கூட்டங்களுக்கு வாராதவரின் இருக்கையைக் காலியானதாக மன்றமே அறிவிக்கலாம். இவ்வாறு காலியாகும் இடத்தை நிரப்புவது இடைத்தேர்தல். அதில் வென்றவர் எஞ்சிய காலத்திற்கு மட்டுமே உறுப்பினர் ஆவார்.

காலியிடத்தை 6 மாதத்திற்குள் நிரப்புதல் வேண்டும் என மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் விதிக்கின்றது. இவ்விதி 1996ஆம் ஆண்டில் சேர்க்கப்பெற்றது. ஆயினும், எஞ்சிய காலம் ஓராண்டுக்குக் குறைவாயின் இவ்விதி பொருந்தாது. மத்திய அரசைக் கலந்து, உரிய காலத்தில் தேர்தல் நடத்துதல் கடினம் எனத் தேர்தல் ஆணையம் சான்றளிப்பினும் பொருந்தாது.

காலந்தாழ்த்துவதால் விளையும் இழப்பு சிறிதன்று. 2017 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 18 உறுப்பினர்கள் தகுதி நீக்கம் செய்யப்பெற்றனர். வழக்கு நீண்டது. அத்தொகுதிகளுக்கு இடைத்தேர்தல் நடந்தது 2019ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில்தான். இதற்கிடையே இரண்டு வரவுசெலவுத் திட்டங்கள் மன்றத்தில் வைக்கப்பெற்றன. அவற்றைக் குறித்துப் பேச அத்தொகுதிகளுக்கு ஒருவரும் இலர். யார் பக்கம் நீதி என்பது வேறு வினா; வரி செலுத்திய மக்கள் செய்த பிழை யாது?

இடைத்தேர்தலுக்குப் பொருட்செலவு மிகுதி என்பர் சிலர். அவர் கூற்று உண்மையே. ஆனால் செலவைக் குறைக்க வேண்டிய இடம் வேறு. ஒருவர் ஒரே பொதுத்தேர்தலில் இரண்டு தொகுதிகளில் போட்டியிடச் சட்டம் இடந்தருகின்றது. இரண்டிலும் வென்றால் ஒன்றை அவர் துறந்தாக வேண்டும். துறக்கப்பெற்ற தொகுதி மக்கள் மீண்டும் வாக்குச்சாவடிக்குச் செல்லல் வேண்டும். அதற்குரிய செலவும் பொதுப்பணமே. மரணத்தால் நேரும் காலியிடத்தைத் தடுக்க எவராலும் இயலாது. தோல்விக்கு அஞ்சிய ஒருவரின் தன்னலத்தால் நேரும் காலியிடத்தைத் தடுத்தல் எளிது. ஒருவர்க்கு ஒரு தொகுதி என்று சட்டம் வரையறுப்பதே முறை.

தவிர்க்கக்கூடிய காலியிடத்தைத் தவிர்த்தலும், தவிர்க்க இயலாததை விரைந்து நிரப்புதலும் அரசியல் அறம். இடைத்தேர்தல்தானே என்று வாக்களியாது வீட்டில் இருத்தல் குடிமக்களுக்கு அழகன்று. இருக்கையில் அமர்பவர் உறுப்பினர். இருக்கைக்கு உரியவர் மக்களே.