யூ.பி.எஸ். கத்துகிறது, கணினிக்கு யார் சொல்வது?

கரண்ட் போன அடுத்த நிமிடம் நமது பாடசாலை லேப்களில் என்ன நடக்கும் என்று ஐ.சி.டி. படிப்பிக்கும் எல்லோருக்கும் தெரியும். யூ.பி.எஸ். பீப் பீப் என்று கத்தும். "சேவ் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க" என்று நாமும் கத்துவோம். நாலு பிள்ளைகள் சேவ் பண்ணியிருப்பார்கள். ஐந்தாவது பிள்ளை கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும். உயர்தரப் பிள்ளையின் செயற்றிட்டம் என்றால் ஒரு பின்னேரத்து உழைப்பு முழுதும் போய்விடும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் நின்றபோது, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னார். எனவே இனி மின்வெட்டே வராது என்று யாரும் நம்பத் தேவையில்லை.

இதற்கு நாம் வழமையாகக் காணும் தீர்வு, பெற்றோரிடமும் பழைய மாணவர் சங்கத்திடமும் காசு சேர்த்து இன்னும் பெரிய பெட்டரி வாங்குவது. அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காசு சேர்க்க முன்னர், கணினிக்குள் ஏற்கனவே இருக்கும் ஒரு வசதியைப் பாவிக்கலாமே என்பதுதான் நமது கருத்து. அதன் பெயர் ஹைபர்னேட்.

ஸ்லீப் வேறு, ஹைபர்னேட் வேறு. ஸ்லீப்பில் திறந்திருக்கும் வேலையெல்லாம் ரெம் நினைவகத்திலேயே கிடக்கும். அதற்குக் கொஞ்சமாவது மின்சாரம் வேண்டும். ஹைபர்னேட்டில் ரெம்மில் இருப்பது வன்தட்டில் எழுதப்பட்டு, கணினி முழுதாக அணைந்துவிடும். நாளைக்குக் கரண்ட் வந்தாலும் சரி, நாலு நாள் கழித்து வந்தாலும் சரி, அந்தப் பிள்ளை விட்ட இடத்திலேயே கேர்ஸர் மின்னிக்கொண்டிருக்கும்.

இதை உள்ளே செய்வது பணிசெயல் முறைமையின் கருவான கேர்னல். எப்போது செய்வது என்று அது தானாக முடிவெடுப்பதில்லை. அதற்கு வெளியே ஓடும் சாதாரண மென்பொருள் ஒன்று சொல்ல வேண்டும். லினக்ஸில் இது கண்ணுக்குத் தெரியும்படி இருப்பதால் அதையே உதாரணமாக எடுப்போம்.

லினக்ஸில் "சிஸ்" கோப்புறைக்குள் "பவர்", அதற்குள் "ஸ்டேட்" என்று ஒரு கோப்பு. நிர்வாகி உரிமையுள்ள ஒரு மென்பொருள் அதில் "டிஸ்க்" என்ற ஒரு சொல்லை எழுதினால் போதும், மீதியைக் கேர்னல் பார்த்துக்கொள்ளும். முதலில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருள்களை எல்லாம் உறைய வைக்கும். பரீட்சை மண்டபத்தில் "பேனையை வையுங்கள்" என்று சொன்னதும் எல்லாக் கையும் நிற்பது போல. கைகள் அசைந்துகொண்டிருந்தால் எந்த விடைத்தாள் எந்த நிலையில் இருந்தது என்று சொல்ல முடியாது அல்லவா? பிறகு நினைவகத்தைப் பிரதி எடுத்து, ஸ்வொப் என்ற இடத்தில் எழுதிவிட்டு மின்சாரத்தை நிறுத்தும். இன்று பெரும்பாலான லினக்ஸ்களில் சிஸ்டம்டி இந்த வழியைத்தான் பாவிக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. "டெவ்" கோப்புறையில் உள்ள "ஸ்னாப்ஷொட்" என்ற சாதனக் கோப்பு. 2006 அளவில் ரஃபேல் வைசொக்கி இதற்கான ஆவணத்தை எழுதினார். இதில் கேர்னல் படத்தை எடுத்து மட்டும் கொடுக்கும். அதைச் சுருக்குவதா, மறைகுறியாக்குவதா, திரையில் எத்தனை வீதம் முடிந்தது என்று காட்டுவதா என்பதெல்லாம் வெளியில் உள்ள மென்பொருளின் பொறுப்பு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மென்பொருள்தான் அந்தக் கோப்பைத் திறக்கலாம். மற்றவர்களை உறைய வைக்கச் சொல்ல முன்னர் அது தன்னை நினைவகத்தில் பூட்டிக்கொள்ளவும் வேண்டும்.

நமக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று இதில் இருக்கிறது. "படம் எடு" என்று கேட்ட அந்த மென்பொருளும் படத்துக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. ஆகவே அதே கேள்விக்கு இரண்டு தடவை பதில் வரும். ஒன்று படம் எடுத்து முடிந்ததும், மற்றது கணினி விழித்தெழுந்த பிறகு. "நான் இப்போது தூங்கப் போகிறேனா, தூங்கி எழும்பினேனா?" என்று அதற்கே தெரியாது. கேர்னல் 1 அல்லது 0 என்று ஒரு எண்ணைக் கொடுத்துத்தான் சொல்லும். 1 என்றால் படம் எடுத்தாயிற்று, இனி எழுதி வை. 0 என்றால் மீண்டுவிட்டாய். இப்படி ஒரு அழகான பாடத்தை விட்டுவிட்டு, பணிசெயல் முறைமையின் தொழில்கள் ஐந்து என்று பாடமாக்க வைக்கிறோம்!

சரி, யூ.பி.எஸ்.ஸுக்கு வருவோம். பெட்டரியைக் கவனிக்க யூபவர் என்றொரு மென்பொருள் பல லினக்ஸ்களில் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் இயல்பான அமைப்பில் பெட்டரி 2 வீதத்துக்கு இறங்கியதும் கணினியைத் தூங்க வைக்க முயலும். 2 வீதம்! நமது லேப்களில் உள்ள கிழட்டுப் பெட்டரிகள் 20 வீதம் காட்டும்போதே பொசுக்கென்று செத்துவிடும். பழைய வன்தட்டு என்றால் படத்தை எழுதவும் நேரம் எடுக்கும். ஆகவே அந்த எண்ணை 40, 50 என்று கூட்டி வைக்க வேண்டும். ஒரே ஒரு அமைப்புக் கோப்பில் மாற்றும் வேலை.

இதைவிட மோசமான விடயம், ஹைபர்னேட் பண்ண முடியாவிட்டால் யூபவர் கணினியை ஷட்டவுன் பண்ணிவிடும். எல்லாம் சரியாக அமைத்துவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம், பிள்ளையின் வேலை போயிருக்கும். முடியாமல் போவதற்கு முக்கிய காரணம், நிறுவும்போது யாரும் கவனிக்காத ஸ்வொப் இடம். படத்தை ரெம்மின் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குள் அடக்கக் கேர்னல் முயலும். ஆனாலும் ரெம்மின் அளவுக்கு ஸ்வொப் வைத்தால் மனநிம்மதி. இன்னொரு காரணம் செக்கியூர் பூட். 2019இல் வந்த 5.4 கேர்னலில் லொக்டவுன் என்ற காவல் சேர்க்கப்பட்டது. செக்கியூர் பூட் இயங்கினால் பல லினக்ஸ்களில் அந்தக் காவல் ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும். காரணம் நியாயமானதுதான். வன்தட்டில் கிடக்கும் படத்தை யாராவது மாற்றி வைத்தால் கேர்னலையே ஏமாற்றலாம்.

படத்தைப் பற்றி இன்னொன்று. அதற்குள் ரெம்மில் இருந்தவை இருக்கும், அதிபர் அலுவலகக் கணினியில் தட்டச்சிய கடவுச்சொற்கள் உட்பட. மறைகுறியாக்காத வன்தட்டில் அவை திறந்தபடி கிடக்கும். மாணவர் லேப்பில் இது பெரிய பிரச்சினை இல்லை. புள்ளிப் பதிவுகளும் சம்பள விபரமும் உள்ள கணினியில் மறைகுறியாக்கம் இல்லாமல் ஹைபர்னேட் வேண்டாம் என்போம்.

ஒரே கணினியில் வின்டோஸும் லினக்ஸும் போட்டிருப்பவர்கள் இன்னும் கவனம். ஒன்றைத் தூங்க வைத்துவிட்டு மற்றதற்குள் போய் அதன் வன்தட்டுப் பகுதியில் எழுதினால், எழும்பும்போது தரவு நாசம். வின்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால், ஷட்டவுன் கொடுத்தாலும் அதன் கேர்னல் பகுதி ஹைபர்னேட்தான் ஆகிறது. லினக்ஸிலிருந்து பார்த்தால் அந்தப் பகுதி சிலவேளை வாசிக்க மட்டும் திறபடுவது இதனால்தான். கணினி பழுது என்று கடைக்குக் கொண்டுபோகாதீர்கள், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள்.

ஓட்டோசேவ் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்று சில ஆசிரியர்கள் கேட்பார்கள். வேர்டுக்கு அது சரி. பாதி ஓடிய பைதன் நிரலுக்கும், இன்னும் பெயர் வைக்காத கோப்புக்கும், ஏழு ஜன்னல் திறந்து வைத்து வேலை செய்யும் பிள்ளைக்கும் அது உதவாது.

இந்த ஏற்பாடு முழுவதும் ஒரு கேபிளில் தொங்குகிறது. யூ.பி.எஸ். பெட்டரியின் நிலையைக் கணினி அறிய, இரண்டுக்கும் இடையில் யூ.எஸ்.பி. கேபிள் இருக்க வேண்டும். பல லேப்களில் அந்தக் கேபிள் பெட்டியோடு அலுமாரிக்கு மேல் கிடக்கிறது, அல்லது குப்பைக்குப் போய்விட்டது. மலிவான யூ.பி.எஸ். சிலவற்றில் அந்தத் துவாரமே இல்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் அடுத்த முறை யூ.பி.எஸ். விலை கேட்கும்போது அதன் பின்பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். இருக்கும் கணினிகளில் ஒன்றை மட்டும் எடுத்து, முக்கியமில்லாத ஒரு கோப்பைத் திறந்து வைத்துவிட்டு, சுவரில் உள்ள பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். திரும்ப எழும்பும்போது அந்தக் கோப்பு அப்படியே இருந்தால் மற்றக் கணினிகளுக்கும் செய்யலாம். இல்லாவிட்டால் ஸ்வொப்பையும் செக்கியூர் பூட்டையும் பார்த்துவிட்டு, என்ன வந்தது என்று கீழே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.